முகாம்கள் சரி, பில் பணம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு தொழில் செய்பவர்களை அரசுத் துறைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் சப்ளையர் ஆக்குவதற்காக முகாம் நடந்தது, கருத்தரங்கு நடந்தது, இத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி பார்க்கிறேன். கோவை குறிச்சிப் பக்கம் லேத்தும் மில்லிங்கும் வைத்து பம்ப் ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் என்று கடைசல் வேலை செய்யும் பட்டறை என்னுடையது, அந்த முகாம்களுக்கு நானும் போயிருக்கிறேன். அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் பதிவு செய்வது எப்படி, சிறு தொழில் என்பதற்கான உத்யம் சான்றிதழ் எதற்கு, டெண்டர் எங்கே பார்ப்பது எல்லாம் பொறுமையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆர்டர் கிடைத்து, ராடு வாங்கி, கடைந்து, துரு பிடிக்காமல் ஆயில் தடவி பேக் செய்து, வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு அந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. பதிவு செய்யத் தெரியாமல் யாரும் நிற்கவில்லை, பிள்ளைகளை விட்டாவது செய்துவிடுகிறோம். முதல் இரண்டு மூன்று பில்லுக்குப் பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல்தான் எங்களில் பலர் அந்தப் பக்கமே போவதை விட்டுவிடுகிறார்கள்.

ஏட்டில் எங்களுக்கு இருக்கும் சலுகைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. மத்திய அரசின் பொதுக் கொள்முதல் கொள்கை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றார்கள், 2018இல் அதை 25 ஆக்கினார்கள். அதற்குள்ளேயே எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். 358 பொருட்களை எங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று தனிப் பட்டியலே இருக்கிறது. ஈ.எம்.டி. என்ற டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், டெண்டர் படிவத்துக்குக் காசு வேண்டாம், பெரிய கம்பெனி போட்ட குறைந்த விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் எங்கள் விலை இருந்தால் அந்த விலைக்கே இறங்கி வந்து 25 சதவீதம் வரை சப்ளை செய்யலாம். நல்ல விதிகள்தான், எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

டெண்டரைத் திறந்து தகுதிப் பக்கத்துக்குப் போனால் அங்கே வேறு கதை. கடந்த மூன்று வருடத்தில் இத்தனை கோடி டர்ன்ஓவர் இருக்க வேண்டும், இதே பொருளை ஏதாவது ஒரு அரசு நிறுவனத்துக்கு ஏற்கெனவே சப்ளை செய்திருக்க வேண்டும், அதற்கான சான்று இணைக்க வேண்டும். முதல் ஆர்டர் கேட்டு வருகிறவனிடம் முந்தைய ஆர்டரின் சான்றைக் கேட்டால் அவன் எங்கே போவான்? சிறு நிறுவனங்களுக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் தளர்த்துவதும் தளர்த்தாததும் வாங்கும் அதிகாரியின் விருப்பம். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் தான் பதில் சொல்ல வேண்டுமே என்று அவர் தளர்த்தாமல் விட்டுவிடுகிறார். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தளர்த்தினால் கேள்வி வரும், தளர்த்தாவிட்டால் ஒரு கேள்வியும் வராது என்று இருக்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தளர்த்த மறுப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும் என்று விதியைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, இதையெல்லாம் தாண்டி ஆர்டர் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன் ஒரு அரசு அலுவலகத்துக்கு பம்ப் உதிரிபாகங்கள் கொடுத்தோம், எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை, ஏனென்றால் இது அந்த ஒரு இடத்தின் பழக்கம் மட்டும் இல்லை. ஸ்டோரில் பொருளை இறக்கினோம். டெலிவரி சலானில் ஸ்டோர்காரர் கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார், தேதி போடவில்லை. தேதி போடுங்கள் சார் என்று கேட்டதற்கு, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் ரெஜிஸ்டரில் ஏற்றுவோம், தேதி அப்போது விழும் என்றார். ஏ.இ.க்கு வேறொரு பிரிவின் கூடுதல் பொறுப்பு, அவர் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். பெட்டிகள் ஸ்டோரின் ஒரு மூலையில், மேலே சாக்குப் போட்டு மூடி, வாரக்கணக்கில் அப்படியே கிடந்தன. கடைசியில் அவர் வந்தார், வெர்னியரை வைத்து நாலைந்து ஷாஃப்டின் விட்டம் பார்த்தார், டிராயிங்கோடு ஒப்பிட்டார், நல்ல மனிதர், எங்கள் வேலை நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். அந்த அரைமணி நேர வேலைக்காகத்தான் அத்தனை வாரம். அதற்கு அப்புறம் பில் போட்டு, அது மேசை மேசையாகப் போய், ஃபண்ட் அலாட்மெண்ட் வரவில்லை என்று நின்று, மார்ச் மாதம் நெருங்கும்போதுதான் பணம் வந்தது.

அந்த இடைக்காலத்தில் எங்களுக்கு எதுவும் நிற்காது என்பதைச் சம்பளம் வாங்கும் பலர் யோசிப்பதில்லை. பட்டறையில் சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். ராடு கடைக்காரர் ஒரு மாதம் தாண்டினால் அடுத்த லோடு அனுப்ப மாட்டார். சி.சி. என்ற கடன் கணக்குக்கு வங்கி மாதாமாதம் வட்டி பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. இருக்கிறது. 5 லட்ச ரூபாய்க்கு பில் போட்டால் 18 சதவீதம், 90 ஆயிரம் ரூபாய், பணம் வந்தாலும் வராவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கணக்குத் தீர்த்தாக வேண்டும். ராடு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டாலும் மீதியைக் கையிலிருந்துதான் போடுகிறோம். அதாவது, அரசு எனக்குத் தர வேண்டிய பணத்துக்கு நான் அரசுக்கு முன்கூட்டியே வரி கட்டுகிறேன். கட்டத் தவறினால் 18 சதவீத வட்டி போடுகிறார்கள். அவர்கள் தவறினால்?

அதற்கும் சட்டம் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வளர்ச்சிச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, 90 நாள் கிரெடிட் என்று ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. அந்தக் கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023, 2024இல் வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தபோது கணக்குப் பார்த்தால் 20 சதவீதத்துக்கு மேல் வரும். இன்னொன்று, இதைப் பல பட்டறைக்காரர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பொருள் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், பொருள் இறங்கிய தேதியே அதை ஏற்றுக்கொண்ட தேதி. ஏ.இ. எப்போது வருகிறார் என்பதற்கும் சட்டத்தின் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் சலானில் தேதி போட மறுப்பது ஏதோ அலுவலக வழக்கம் என்று விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை, எங்களுக்குச் சட்டம் கொடுத்த ஒரே ஆதாரம் அந்தத் தேதிதான். இதைப் படிக்கும் சக தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தேதி போட்ட சலான் இல்லாமல் ஸ்டோரை விட்டு வெளியே வராதீர்கள். போட மறுத்தால் அன்றைக்கே, இன்ன பொருள் இன்று இறக்கப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். உத்யம் பதிவும் ஆர்டர் வாங்குவதற்கு முன்பே கையில் இருக்கட்டும், பிறகு பதிவு செய்துவிட்டு முந்தைய சப்ளைக்குச் சேர்த்துக் கேட்டால் நிற்பது சந்தேகம்தான்.

பணம் வராவிட்டால் போகவும் இடம் இருக்கிறது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று இந்தப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கக் குழுமங்கள் இருக்கின்றன, இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இவ்வளவு பலமான சட்டம் வேறு எந்தத் தொழிலுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் எஸ்டேட்டில் கேட்டுப் பாருங்கள், மனுப் போட்டவர்களில் பெரும்பாலானோர் அந்த வாடிக்கையாளரிடம் இனி வியாபாரமே வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு போட்டவர்களாக இருப்பார்கள். மனுப் போட்ட மறுநாளே அடுத்த ஆர்டர் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு ஃபவுண்டரிக்காரரைக் கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் கூப்பிட்டு, உங்களுக்கு நாங்கள் வேண்டுமா, வட்டி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை.

இந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மூலம் ஒரு புது உட்பிரிவு சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 45 நாளுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, உண்மையில் எந்த வருடம் கொடுக்கிறதோ அந்த வருடம்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும், அதுவரை அந்தத் தொகைக்கும் வரி கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் எங்கள் ஊரில் பழைய பில்களுக்குப் பணம் வந்ததைப் பார்த்தேன், ஆடிட்டர் சொன்னார் என்று கம்பெனிக்காரர்களே போன் செய்து கணக்குத் தீர்த்தார்கள். நாங்கள் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை, யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை, விதி தானாக வேலை செய்தது. சில இடங்களில் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று சொன்னதும், இந்த விதிக்குள் வராத நடுத்தர நிறுவனங்களுக்கு ஆர்டரை மாற்றியதும் நடந்தது, அதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் சப்ளையர் கேட்காமலேயே வேலை செய்யும் விதிதான் பலன் தரும் என்பதை எங்கள் கண்ணெதிரே காட்டிவிட்டது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அரசுத் துறைகள் வருமான வரி கட்டுவதில்லை. அதனால் தனியார் கம்பெனிக்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கும் உறைக்கும் இந்த விதி, ஒரு பி.டி.ஓ. அலுவலகத்துக்கோ ஒரு துறையின் கோட்ட அலுவலகத்துக்கோ உறைக்காது. டிரெட்ஸ் என்ற ஏற்பாடும் கிட்டத்தட்ட இப்படித்தான். பில்லை அந்தத் தளத்தில் ஏற்றி, வாங்கியவர் சரி என்று ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அந்த பில்லை வாங்கிக்கொண்டு ஓரிரு நாளில் எங்களுக்குப் பணம் கொடுத்துவிடும், வாங்கியவர் பிறகு கட்டத் தவறினாலும் எங்களைத் துரத்த மாட்டார்கள். உண்மையிலேயே அருமையான திட்டம். 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் கட்டாயம் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை போட்டார்கள். சேர்ந்துவிடுகிறார்கள், ஆனால் நம் பில்லை அதில் ஏற்றி ஒப்புதல் கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்வதில்லை. அந்த ஒப்புதல் இல்லாமல் அங்கே ஒன்றும் நகராது.

பெரிய நிறுவனம் மனது வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருச்சியில் பாய்லர் செய்யும் பொதுத்துறை பெல் ஆலை வந்த பிறகு அதைச் சுற்றி துவாக்குடி, திருவெறும்பூர், அரியமங்கலம் பக்கம் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தது தானாக நடந்தது இல்லை. என் மச்சான் அங்கே ஒரு யூனிட்டில் நெடுநாள் சூப்பர்வைசராக இருந்தவர், அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸ்டீலை ஆலையே கொடுக்கும், டிராயிங் கொடுக்கும், டன்னுக்கு இவ்வளவு என்று கூலி ரேட் பேசி வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். பல லட்சம் ரூபாய்க்கு ஸ்டீல் வாங்கும் சக்தி இல்லாதவர்களும் பாய்லருக்கான பாகம் செய்ய முடிந்தது அதனால்தான். வெல்டர்களுக்குத் தகுதித் தேர்வு வைத்தார்கள், ஆய்வாளர் யூனிட்டுக்கே வந்து வெல்டிங்கைப் பார்த்து, தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொன்னார். ஒரு தலைமுறை வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் அந்த ஏற்பாடு உருவாக்கியது, அவர்களில் எத்தனையோ பேர் இன்று வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். பின்னாளில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்ததும் அந்த யூனிட்டுகளும் சேர்ந்து அடி வாங்கின என்பதும் உண்மை, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் ஆபத்து அது. ஆனால் முகாமில் உட்கார வைத்துப் பேசுவதற்கும், மூலப்பொருளைக் கையில் கொடுத்து கூடவே நின்று வேலை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமானால் துவாக்குடியைத்தான் பார்க்க வேண்டும்.

மாநில அரசுக்கும் இது புதிது இல்லை. 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய மில்லுக்கு மொத்த ஆர்டரையும் தூக்கிக் கொடுத்திருக்கலாம், நிர்வாகத்துக்கு அதுதான் சுலபம். ஆனால் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், ஈரோடு பக்கம் எத்தனையோ தறிகள் வருடத்தில் சில மாதங்கள் அந்த ஆர்டரில்தான் ஓடுகின்றன. பள்ளிச் சீருடையையும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்க வைக்கிறார்கள். வேட்டியைப் பிரித்து வாங்க முடிகிற அரசால் பள்ளி பெஞ்சையும் இரும்புக் கட்டிலையும் கைப்பம்பின் உதிரிபாகத்தையும் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து வாங்க முடியாதா என்ன? மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர் என்று போட்டுவிட்டால் எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெரிய காண்டிராக்டரிடம் துண்டு விலைக்கு ஜாப் ஒர்க் வாங்கிச் செய்கிறோம். செய்கிற கை எங்களுடையது, சப்ளையர் பெயர் அவருடையது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1982இல் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, மத்திய அரசு அலுவலகம் பில்லுக்குக் குறித்த நாளுக்குள், ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் கொடுக்கத் தவறினால் வட்டியையும் தானாகவே சேர்த்து அனுப்ப வேண்டும். சப்ளையர் கடிதம் எழுத வேண்டாம், மனுப் போட வேண்டாம். நம் சட்டத்தில் வட்டி விகிதம் அதைவிடக் கடுமையாக இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும் என்பதுதான் குறை, கேட்பவன் ஆர்டரை இழப்பான் என்பதால் யாரும் கேட்பதில்லை. தமிழக அரசின் பில்கள் இப்போது ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற கணினி ஏற்பாடு வழியாகத்தான் கருவூலத்துக்குப் போகின்றன. பொருள் இறங்கும் நாளிலேயே ஸ்டோரில் சலானைப் போட்டோ எடுத்து அதில் ஏற்றட்டும், அன்றிலிருந்து கணினி நாளை எண்ணட்டும். 15 நாளில் ஆய்வு முடியாவிட்டால் பொருள் ஏற்கப்பட்டது என்று அதுவே குறித்துக்கொள்ளட்டும், 45 தாண்டினால் வட்டியைப் பில்லோடு அதுவே சேர்க்கட்டும். அந்த வட்டி எந்த அலுவலகத்தின் தாமதத்தால் போனது என்று அந்த அலுவலகத்தின் கணக்கிலேயே எழுதட்டும். அப்புறம் ஏ.இ.க்கு ஸ்டோருக்கு வர நேரம் கிடைக்கும், அலாட்மெண்ட் வாங்காமல் ஆர்டர் போடும் பழக்கமும் குறையும்.

சட்டத்தில் புதிதாக ஒரு வரிகூட இதற்குத் தேவையில்லை, உள்ளதை நடைமுறைப்படுத்த நிதித்துறையிலிருந்து ஒரு அரசாணை போதும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் செய்திகளை நீங்கள் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உங்கள் நிருபர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு துறையிடமும், ஒவ்வொரு மாநகராட்சியிடமும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள தொகை எவ்வளவு, கடந்த ஆண்டில் தாமதத்துக்காகக் கொடுத்த வட்டி எவ்வளவு என்று இரண்டே கேள்வி கேட்டு, வரும் பதிலைத் துறைவாரியாக வெளியிடுங்கள். இதை நாங்கள் கேட்டால் எங்கள் பெயர் வெளியே வரும், அடுத்த டெண்டரில் தெரியும். நீங்கள் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பட்டறை உரிமையாளர்,
குறிச்சி, கோயம்புத்தூர்.